தவிட்டுக் கூடை எங்கே போகிறது?

ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல், கொஞ்சம் மக்காச்சோள விதை, நாலைந்து கூழாங்கற்கள், காய்ந்த இலைகள், ஒரு குச்சி. மீன்குளம் வடிவமைக்க இவை போதும் என்றால் நம்புவீர்களா?

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டில், ஸோம்பா மலையடிவாரத்துக் கிராமங்களில் இந்த வேலை நடந்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் அங்கே விவசாயிகள் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் தங்கள் பண்ணையைத் தரையிலும் தாளிலும் வரைந்து பார்த்தார்கள். தனியாக அல்ல, கூட்டமாக உட்கார்ந்து. எங்கே எது விளைகிறது, எது மிஞ்சுகிறது, மிஞ்சியது எங்கே போகிறது என்று கோடு கோடாக இழுத்த பிறகே குளத்தின் பேச்சு வந்தது.

அந்த ஊர்களையும் அந்தப் படத்தையும் ஒரு சுற்று பார்த்து வருவோம்.

மலையும் ஏரியும்

மலாவியின் வணிக நகரமான பிளான்டயரிலிருந்து வடகிழக்கே சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸோம்பா. மினிபஸ்ஸில் போனால் நகரம் தெரியுமுன்னே மலை தெரிந்துவிடும். சுவர் எழுப்பியது போல நிற்கும் ஸோம்பா பீடபூமி. அதன் உயர்ந்த சிகரம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல். மேலே பைன் மரக் காடுகள், நீர்த்தேக்கம், குளிர்ந்த காற்று. நம்மூர்க்காரர்கள் போனால் கொடைக்கானல் ஞாபகம் வரும்.

1975 வரை நாட்டின் தலைநகரம் இதுதான். பிறகு தலைநகரம் லிலாங்வேக்குப் போய்விட்டது. ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களும் பல்கலைக்கழகமும் சந்தையும் இங்கேயே இருக்கின்றன.

ஸோம்பாவைத் தாண்டி வடக்கே லிவோண்டே செல்லும் சாலையில் போனால் இடப்பக்கம் மலை, வலப்பக்கம் சமவெளி. மலையிலிருந்து இறங்கும் லிகாங்கலா, டொமாசி போன்ற ஆறுகள் சமவெளியைக் கடந்து சில்வா ஏரியில் போய்ச் சேர்கின்றன. அந்த ஏரிக்குப் போக்குவாய் கிடையாது. வந்த தண்ணீர் வெயிலில் ஆவியானால்தான் உண்டு. மழை நன்றாகப் பெய்தால் ஏரி விரியும். இரண்டு மூன்று ஆண்டு பொய்த்தால் சுருங்கும். 1968-லும் 1995-லும் அடியோடு வற்றியிருக்கிறது.

இந்தச் சாலையில்தான் டொமாசி என்ற ஊர். மலாவியின் தேசிய நன்னீர் மீன் வளர்ப்பு மையம் இங்கே இருக்கிறது. சாலையோர மூங்கில் தட்டிகளில் தக்காளி, வெங்காயம், உலர்ந்த மீன் குவித்து விற்கிறார்கள். சற்று உள்ளே நடந்தால் மக்காச்சோளக் கொல்லைகள், மாமரங்கள், சிவப்பு மண் வீடுகள். தாழ்வான இடங்களில் ஈரம் காயாத புல்வெளி. அதற்கு அங்கே ‘டம்போ’ என்று பெயர். கோடையிலும் ஈரம் இருக்கும் அந்த ஓரங்களில் போடும் காய்கறித் தோட்டம் ‘டிம்பா’. மீன்குளங்கள் பெரும்பாலும் இந்த டிம்பாவை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஜிலேபியின் பிறந்த வீடு

இந்தப் பகுதிக்கும் நமக்கும் ஒரு மீன் உறவு உண்டு. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் ‘ஜிலேபி’ என்று சொல்லிப் பிடிக்கிறோமே, அந்தத் திலேப்பியா நம்மூர் மீன் அல்ல. தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளே அதன் பூர்வீகம். மலாவியின் தெற்கில் ஓடும் ஷிரே ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதில் அடங்கும். 1952-ல் இலங்கை வழியாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு நம் குளங்களை அது எப்படி நிரப்பியது என்பது மீன் வாங்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மலாவிக்காரர்கள் அந்த விஷயத்தில் உஷாராக இருந்தார்கள். மலாவி ஏரியில் இருக்கும் அளவுக்கு மீன் இனங்கள் உலகில் வேறெந்த ஏரியிலும் இல்லை. வெளியூர் மீன் ஒன்று தப்பி ஏரிக்குள் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், அயல்நாட்டு மீன்களைக் குளங்களில் விடுவதற்கு அரசு நீண்ட காலமாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆகவே கிராமத்துக் குளங்களில் ஓடுவது உள்ளூர்த் திலேப்பியாக்கள்.

அவற்றில் இரண்டு முக்கியமானவை. ‘மகும்பா’ என்பது முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும் தாய் மீன். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியையும் தவிட்டையும் தின்னும். ‘சிலுங்குனி’ புல்லையும் இலையையும் கடித்துத் தின்னும். ஒரே குளத்தில் இருந்தாலும் இரண்டின் வாயும் வேறு. இந்த வித்தியாசம் பின்னால் பெரிய உதவியாக வரப்போகிறது.

களி, குழம்பு, தவிடு

மலாவியின் சாப்பாடு ‘ன்சிமா’. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டி, கட்டியாக எடுத்து வைப்பார்கள். நம் களிதான். கையால் கிள்ளி, உருட்டி, தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். தொடுகறிக்குப் பெயர் ‘ன்டிவோ’. கீரை, பீன்ஸ், கிடைத்தால் மீன். 1970-களில் ஒருவர் ஆண்டுக்குச் சாப்பிட்ட மீனில் பாதிகூட 2000-களின் தொடக்கத்தில் கிடைக்கவில்லை. ஏரியில் பிடிபடுவது குறைந்தது, சாப்பிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

ஆகவேதான் ‘வீட்டுக்கு ஒரு குளம்’ என்ற யோசனை. சாதாரணக் குடும்பத்தின் நிலம் இரண்டரை ஏக்கர்கூட இருக்காது. அதற்குள் வெட்டும் குளம் 200 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் சுமார் 5 சென்ட். ஓரளவு கவனித்துக்கொண்டால் ஆண்டுக்கு இருபது கிலோ மீன் எதிர்பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் மீன் குழம்பு.

மீனுக்குத் தீனி? அங்கேதான் தவிடு வருகிறது. மக்காச்சோளத்தை உரலில் இடித்து, முறத்தில் புடைத்து, மேல்தோலை நீக்கினால் வெள்ளை மாவு கிடைக்கும். நீக்கிய தவிட்டுக்கு ‘மடேயா’ என்று பெயர். சும்மா கிடக்கும் பொருள்தானே, குளத்தில் போடலாமே என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள்.

அந்த ‘சும்மா’ என்ற சொல்லில்தான் கோளாறு.

திட்டம் பிழைத்த இடம்

ஆசிய நாடுகளில் ஒருங்கிணைந்த மீன் வளர்ப்பு பழைய கலை. சீனாவின் முத்தாற்றுக் கழிமுகத்தில் குளக்கரையில் மல்பெரி, மல்பெரி இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் கழிவு மீனுக்கு, குளத்துச் சேறு மீண்டும் மல்பெரிக்கு என்று நூற்றாண்டுகளாகச் சுற்றி வந்தது. வியட்நாமில் தோட்டம், குளம், தொழுவம் மூன்றையும் சேர்த்தே வீடு கட்டுவார்கள்.

இதைப் பார்த்த நிபுணர்களுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. குளத்தின் மேல் கோழிக்கூண்டு கட்டு, எச்சம் தண்ணீரில் விழட்டும், பாசி வளரும், மீன் கொழுக்கும் என்பது ஒரு பாடம். ஆனால் ஸோம்பா கிராமத்துக் குடும்பத்திடம் இருப்பது நாலைந்து நாட்டுக்கோழி. பகலெல்லாம் முற்றத்தில் மேயும். அதன் எச்சத்தை யார் பொறுக்குவது? கூண்டில் அடைத்தால் தீனி யார் வாங்குவது? அறையில் உட்கார்ந்து போட்ட அளவுகளும் எடைகளும் சரியாகவே இருந்தன. அந்த வீட்டில் அந்தப் பொருட்கள் இல்லை.

அப்போது பிலிப்பைன்ஸின் மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பன்னாட்டு மீன்வள ஆய்வு மையம் ஒன்று வேறு வழியை எடுத்தது. இன்று ‘வேர்ல்ட்ஃபிஷ்’ என்ற பெயரில் மலேசியாவின் பினாங்கிலிருந்து இயங்குவது அதுதான். அதில் பணியாற்றிய கிளைவ் லைட்ஃபுட், ரெக் நோபிள் முதலானோர், பண்ணையின் மாதிரியை விவசாயிகளையே வரையச் சொன்னார்கள். பொருள் ஓட்டப் படம் என்று சொல்லலாம். டொமாசி மையத்துக்கும் விவசாயிகளை அழைத்து, பலவகை வேலைகளைக் காட்டி, ‘உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும், நீங்களே சொல்லுங்கள்’ என்று விட்டார்கள்.

தரையில் ஒரு பண்ணை

இப்படி ஒரு அமர்வு எப்படிப் போகும்? மாமரத்தடியைப் பெருக்குவார்கள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். வேளாண் ஆலோசகருக்கு அங்கே ‘ம்லாங்கிஸி’ என்று பெயர். அவர் வேலை கேள்வி கேட்பது மட்டும். குச்சி அவர் கையில் இருக்கக் கூடாது.

முதலில் நிலம். மேட்டுக் கொல்லை எங்கே, சரிவு எங்கே, டம்போ எங்கே, ஓடை எங்கே என்று சாம்பலால் கோடு. ‘எங்கள் நிலம் ஒரு ஏக்கர்’ என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள், வரைய ஆரம்பித்ததும் நாலைந்து வகை மண்ணைக் காட்டுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் மூலை, கோடையில் கீரை வாடாத ஓரம், எதுவும் விளையாத கரட்டுத் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயர் இருக்கும்.

அடுத்து அந்தந்த இடத்தில் இருப்பவை. மக்காச்சோளத்துக்கு விதை, மரத்துக்கு இலை, வீட்டுக்கு ஒரு கல், ஆட்டுப்பட்டிக்கு இரண்டு குச்சி. பட்டியை அங்கே ‘கோலா’ என்கிறார்கள்.

மூன்றாவதாக அம்புகள். மக்காச்சோளத் தட்டை எங்கே போகிறது? கொல்லையிலேயே எரிக்கிறோம். ஆட்டுப் புழுக்கை? சிலர் கொல்லைக்கு, பலர் அப்படியே விட்டுவிடுகிறோம். அடுப்புச் சாம்பல்? குப்பைக்கு. கீரைக் கழிவு? கோழிக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கோடு. எங்கும் போகாமல் நிற்கும் பொருளும் கண்ணில் படும், ஒரே பொருளுக்கு மூன்று இடத்தில் கை நீள்வதும் தெரியும்.

குளத்துக்குரிய வட்டத்தைக் கடைசியில்தான் போடுவார்கள். அது வந்ததும் பேச்சு சூடு பிடிக்கும். குளம் ஓடைக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் கொண்டுவருவது சுலபம், ஆனால் வீட்டுக்குத் தூரம். இரவில் நீர்நாய் வரும், பகலில் மீன்கொத்தி வரும், இரண்டு காலில் வரும் திருடனும் உண்டு. வீட்டுப் பக்கத்தில் வெட்டினால் காவல் சுலபம், மண் தண்ணீரைப் பிடிக்காது. படத்தில் வட்டத்தை இங்கே அழித்து அங்கே போடுவதற்கு ஒரு நிமிடம். மண்ணில் தப்பான இடத்தில் வெட்டினால் ஒரு கோடைகால உழைப்பு போச்சு.

பத்து விதையும் அமாயிகளும்

இந்த இடத்தில் ஓர் எளிய கணக்கு நடக்கும். பத்து மக்காச்சோள விதைகளைக் கொடுத்து, ‘இதுதான் உங்கள் வீட்டுத் தவிடு. எது எதற்கு எவ்வளவு போகிறது, பிரித்து வையுங்கள்’ என்பார்கள்.

ஆண்கள் வைத்தால் ஏழெட்டு விதை குளத்துக்குப் போகும். கோழிக்கு ஒன்றிரண்டு. பெண்களிடம் கொடுத்தால் விதைகள் வேறு மாதிரி பிரியும். தவிடு இடிக்கிறவர்களும் புடைக்கிறவர்களும் கூடையில் சுமக்கிறவர்களும் அவர்கள்தானே! கோழிக்குக் கொஞ்சம், ஆட்டுக்குக் கொஞ்சம், அவசரத்துக்கு விற்கக் கொஞ்சம். குளத்துக்கு வைத்த விதையைத் திரும்ப எடுத்து, ‘இது எந்த மாதத்துக்கு?’ என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தெற்கு மலாவியின் பல சமூகங்களில் நிலம் தாய்வழியில் இறங்குகிறது. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்குக் குடிபோகிறார். குளம் வெட்டும் தோள் அவருடையதாக இருக்கலாம், நிலம் மனைவியின் குடும்பத்துடையது. பெண்களை மரியாதையாக ‘அமாயி’ என்று அழைக்கிறார்கள். அம்மா என்று பொருள். கொங்கு நாட்டில் தாய்வழிப் பாட்டியை ‘அம்மாயி’ என்பார்கள். இரண்டு மொழிக்கும் உறவில்லை, காதுக்கு மட்டும் சொந்தமாக இருக்கிறது.

பொதுவாகக் கூட்டங்களில் அமாயிகள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தாளில் எழுதினால் எழுதத் தெரிந்தவர் பேச்சுதான் எடுபடும். தரையில் விதை நகர்த்துவதற்குப் படிப்பு வேண்டாம். கூட்டாக மாதிரி செய்வதன் முதல் லாபம் அதுதான்.

மாதங்கள் மோதும் இடம்

‘எந்த மாதத்துக்கு?’ என்ற கேள்விக்குப் பதில் தேட, படத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டம் போடுவார்கள்.

நவம்பரில் மழை பிடிக்கும். நவம்பர், டிசம்பரில் விதைப்பு. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மே முதல் ஜூலை வரை குதிர் நிறைந்திருக்கும், தினமும் வெள்ளை மாவு இடிப்பார்கள், தவிடு கூடை கூடையாக வரும்.

ஆனால் ஜூன், ஜூலை ஸோம்பாவில் குளிர்காலம். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போனால் திலேப்பியாவுக்குப் பசி மந்தம். போட்ட தவிடு அடியில் படிந்து அழுகும். வளர்ச்சி இல்லை.

செப்டம்பருக்கு மேல் வெயில் ஏறும். டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீர் வெதுவெதுப்பு, மீனுக்கு நல்ல பசி, வேகமாக வளரும் காலம். அந்த மாதங்களில்தான் மனிதர்களின் வீட்டில் குதிர் காலி. மலாவியில் ஜனவரி, பிப்ரவரி என்றால் பசி மாதங்கள். கையிருப்பை நீட்டிக்க வேண்டுமே! தவிடு நீக்காமல் முழு மணியையும் அரைத்து ‘ம்கைவா’ என்ற மாவாகக் கிண்டுவார்கள். அப்போது வீட்டில் தவிடு என்ற பொருளே பிறக்காது. கஷ்டம் முற்றினால் ஆலையில் தவிட்டைக் காசு கொடுத்து வாங்கியும் சாப்பிடுவார்கள்.

கட்டங்களில் விதைகளை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். மீன் பசிக்கும் மாதமும் மனிதர் பசிக்கும் மாதமும் ஒன்று. ‘தினமும் இத்தனை கிலோ தவிடு போடு’ என்ற அறிவுரைப்படி நடந்தால், ஜனவரியில் ஓர் அமாயி தன் பிள்ளைகளின் தட்டையும் குளத்தையும் ஒப்பிட வேண்டியிருக்கும். அவர் எந்தப் பக்கம் போவார் என்பதில் சந்தேகமே இல்லை. குளம் பட்டினி கிடக்கும். பிறகு வந்து பார்க்கிற அதிகாரி, ‘ஆர்வமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்.

இன்னொரு மோதலும் கட்டத்தில் தெரியும். நவம்பர், டிசம்பரில் வீட்டில் எல்லாரும் கொல்லையில் மண்வெட்டியோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் குளத்துக்கு ஆள் கேட்கும் எந்தத் திட்டமும் நிற்காது.

புல் தின்னும் மீன்

சிக்கல் தெரிந்தால் வழியும் அதே படத்திலிருந்து வரும். மழைமாதங்களில் மக்காச்சோளம் இல்லையே தவிர, பச்சைக்குப் பஞ்சமில்லை. களை, புல், முற்றிய கீரை, காய்கறித் தழை என்று கொல்லை முழுக்க வளர்ந்து நிற்கும். இந்தப் பச்சையைத் தின்ன ஆள் இருக்கிறது. சிலுங்குனி! யானைப்புல் என்று நாம் சொல்லும் நேப்பியர் புல்லைக் கொடுத்துச் சிலுங்குனி வளர்க்கும் சோதனைகள் டொமாசி மையத்திலேயே நடந்தன. குளக்கரையில் அந்தப் புல்லை வைத்தால் கரை சரியாது, தீனியும் கையெட்டும் தூரத்தில்.

அது தின்று போடும் கழிவு, ஆட்டுப் புழுக்கை, மூலையில் குச்சித் தடுப்புக்குள் போட்டு வைக்கும் மக்கிய குப்பை எல்லாம் சேர்ந்து தண்ணீரைப் பச்சையாக்கும். அந்தப் பசுமை மகும்பாவுக்குச் சாப்பாடு. தண்ணீர் போதுமான அளவு பச்சையா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கையை முழங்கை வரை தண்ணீரில் விட வேண்டும். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை கண்ணுக்குத் தெரியாமல் போனால் சரி. அதற்கு முன்பே மறைந்தால் எரு அதிகம், அப்போதும் பளிச்சென்று தெரிந்தால் எரு பற்றாது.

இப்போது படத்தில் புதிய அம்புகள் ஏறும். குப்பைக்குப் போன அடுப்புச் சாம்பல் குளத்துக்கு வரும், மண்ணின் புளிப்பைக் குறைக்க அது சுண்ணாம்பு போல உதவும். குளத்துத் தண்ணீர் கரையிலுள்ள டிம்பா தோட்டத்துக்குப் போகும். குளத்தை இறைக்கும்போது கிடைக்கும் வண்டல் மக்காச்சோளக் கொல்லைக்கு. தவிடு வரும் மாதங்களில் தவிடு, வராத மாதங்களில் புல். மே, ஜூனில் கிடைக்கும் தவிட்டில் ஒரு பங்கைக் காயவைத்து, தண்ணீர் சூடேறும் செப்டம்பருக்கு எடுத்து வைக்கலாமா என்று பேசவும் இடம் கிடைக்கும்.

மீனின் அளவு பற்றியும் கருத்து வேறுபாடு வரும். திலேப்பியா குளத்திலேயே குஞ்சு பொரித்துப் பெருகும். நெரிசலில் மீன் சிறுத்துப்போகும். சந்தைக்கு அனுப்புகிறவருக்கு இது நஷ்டம். ஏழெட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில், ஒரு பெரிய மீனைப் பங்கிடுவதைவிட ஆளுக்கொரு சின்ன மீன் வைப்பது சண்டையில்லாத வேலை. குளம் எதற்கு என்று முதலில் முடிவு செய்யாமல் அளவு பேசிப் பயனில்லை.

மழை பொய்த்த ஆண்டு

1991-92-ல் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதி முழுவதையும் கடும் வறட்சி வாட்டியது. மலாவியின் மேட்டுக் கொல்லைகளில் மக்காச்சோளம் கருகியது. சிறு குளங்களும் வற்றின. ஆனால் வற்றிய குளத்தின் அடியில் ஈரம் இருந்தது, இரண்டு மூன்று ஆண்டு எருவும் வண்டலும் இருந்தன. அங்கே விவசாயிகள் காய்கறி போட்டார்கள். மீன் இல்லாத ஆண்டில் குளம் தோட்டமாகக் கைகொடுத்ததை அன்றைய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மீன் கிலோவை மட்டும் எண்ணினால் அந்த ஆண்டு குளத்துக்குப் பூஜ்யம் போட வேண்டும். அதனால்தான் லைட்ஃபுட் குழுவினர் நாலு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்: பண்ணையில் எத்தனை வகை உயிர்கள் வளர்கின்றன, எத்தனை பொருட்கள் வீணாகாமல் சுற்றுகின்றன, நிலம் மொத்தம் எவ்வளவு விளைகிறது, செலவுக்கு வரவு எப்படி. ஒரே குடும்பம் ஆண்டுக்கு ஒரு முறை படம் வரைந்தால் இந்த நாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

1995-ல் சில்வா ஏரி வற்றியபோது அதை நம்பியிருந்த மீனவர்களும் வியாபாரிகளும் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். நல்ல ஆண்டுகளில் நாட்டுக்குக் கிடைக்கும் மீனில் கணிசமான பங்கு கொடுக்கும் ஏரி அது. ஐந்து சென்ட் குளங்கள் அந்த இடத்தை நிரப்பிவிட முடியாது. ஒரு வீட்டின் தட்டுக்கு அவை போதும், ஒரு நாட்டுக்குப் போதாது.

படம் எல்லாவற்றையும் தீர்த்து வைப்பதும் இல்லை. டம்போ ஓரத்தில் நிலம் இல்லாதவர் என்ன வரைந்தாலும் குளம் வராது. குளம் வெட்டும் உழைப்பு, வயதான அமாயி தனியாக இருக்கும் வீட்டில் எங்கிருந்து வரும்? திருட்டுக்கு அம்பு போட்டுத் தடுப்புக் கட்ட முடியாது. கூட்டத்தில் குரல் பெரிதாக இருப்பவர் குச்சியைப் பிடித்துக்கொண்டால் பத்து விதையும் அவர் சொன்ன இடத்துக்குத்தான் போகும். ம்லாங்கிஸியின் சாமர்த்தியம் முழுக்க அந்தக் குச்சியை இன்னொரு கைக்கு மாற்றுவதில்தான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு

ஸோம்பாவைப் பார்க்க மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். மழை இருக்காது. ஜூன், ஜூலையில் ஸ்வெட்டர் வேண்டும். பிளான்டயர் அருகே சிலேகாவில் விமான நிலையம் இருக்கிறது. பீடபூமியின் மேல் வரை சாலை போகிறது. மேலிருந்து பார்த்தால் கீழே கொல்லைகளும், தெளிவான நாளில் கிழக்கே சில்வா ஏரியும் தெரியும். சந்தையில் வறுத்த மீனோடு ஒரு தட்டு ன்சிமா வாங்கிச் சாப்பிடலாம். சாப்பிடும் முன் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது அங்கே மரியாதை. கையை நீட்டி, ‘ஸிகோமோ’ என்று சொல்ல வேண்டும். நன்றி என்று பொருள்.

மாமரத்தடிப் படம் அதிக நேரம் இருப்பதில்லை. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் ஆடுகள் அதன் மேலேயே நடந்து போகும், கோழிகள் விதைகளைக் கொத்தித் தின்றுவிடும். அதற்கு முன் யாராவது ஒரு பிள்ளை பள்ளிக்கூட நோட்டுத் தாளில் அதைப் பார்த்து வரைந்துவைக்கும். குளத்து வட்டம், கரையில் புல், வீட்டிலிருந்து கிளம்பும் தவிட்டு அம்பு. அந்த அம்பின் மேல் மே, ஜூன் என்று இருக்கும். ஜனவரி கட்டத்தில் குளத்தை நோக்கி வருவது புல் மட்டும்.